இரவிகுளம்: பூட்டிய கேட்டும் வரையாடு குட்டி போடும் மாதமும்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை, குடும்பத்தில் ஒன்பது பேர் வேன் பிடித்து மூணாறு போனோம். இரவிகுளம் தேசியப் பூங்கா பூட்டிக் கிடந்தது. வரையாடு குட்டி போடும் காலமாம். குளிரும் வெயிலும் இதமாக இருக்கிற மாதத்தில் போய்ப் பூட்டலாமா? மூன்று வருடத்துக்கு முன் ஒரு மே மாதம் உள்ளே போனோம். பதினொன்றரைக்கு மேல்தான் பஸ் கிடைத்தது. மேலே ஒரே பனிமூட்டம். தார் ரோட்டில் நடந்துவிட்டுத் திரும்பினோம். இரண்டு ஆட்டின் முதுகு தெரிந்தது, அவ்வளவுதான்.

எப்போது போனால் உருப்படியாகப் பார்க்கலாம்? ரோட்டை விட்டு இறங்க ஏன் விடுவதில்லை? அப்பாவுக்கு 68 வயது, முட்டி வலி. அவரைக் கூட்டிப் போகலாமா? நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இப்படி ஒரு இடம் கிடையாதா?

மாதேஷ்,
பாலக்கோடு

அன்புள்ள மாதேஷ்,

வீட்டில் ஆடு வளர்த்த கை என்றால் உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். நம் வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். வரையாட்டுக்கு ஆறு மாதம். அங்கே கிடாய்கள் பெட்டைகளோடு சேர்வது தென்மேற்கு மழை கொட்டுகிற ஆடி, ஆவணியில். ஜூலை, ஆகஸ்டிலிருந்து ஆறு மாதம் எண்ணுங்கள், ஜனவரி, பிப்ரவரியில் வந்து நிற்கும். பெரும்பாலான குட்டிகள் அந்த இரண்டு மாதத்தில்தான் விழுகின்றன. ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. நம் ஆடு இரண்டு, மூன்று போடுவதைப் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வரையாட்டுக்கு ஒன்று போனால் அந்த வருடக் கணக்கே போயிற்று.

பிறந்த குட்டியைத் தாய் பாறை ஒதுக்கில் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே மேயும். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் செங்குத்துப் பாறையில் ஏறிவிடுவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. இரண்டு நாள் குட்டியால் தாயோடு அந்த வேகத்தில் ஏற முடியாது. அந்த நேரத்தில் ரோட்டோரம் நூறு பேர் கைபேசியோடு நெருங்கினால் தாய் ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம் சிதறும். பிரிந்த குட்டிக்கு வேட்டை விலங்கே வர வேண்டியதில்லை, ஓர் இரவுக் குளிர் போதும். ஜனவரியில் அந்த மேட்டில் விடியற்காலை புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

வழக்கமாகப் பிப்ரவரி 1 முதல் மார்ச் 31 வரை மூடுகிறார்கள். சில வருடம் குட்டி முன்னதாகவே தென்பட்டால் ஜனவரியிலேயே மூடியதும் உண்டு. ஆகவே தைப்பொங்கல் விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்களும் கேரள வனத்துறையின் முன்பதிவுத் தளத்தைப் பார்த்துவிட்டு அறை எடுப்பது நல்லது. வேன்காரரோ விடுதிக்காரரோ 'திறந்துதான் சார் இருக்கும்' என்று சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

இந்தப் பூட்டுக்கு எவ்வளவு எடை என்பது எண்ணிக்கையைப் பார்த்தால் தெரியும். தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து 2025 ஏப்ரல் கடைசியில் எடுத்த கணக்கில் மொத்தம் 2,668 வரையாடுகள். தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365. அதில் இரவிகுளத்தில் மட்டும் 841. வெறும் 97 சதுர கிலோமீட்டருக்குள், உலகில் உள்ள வரையாடுகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரியில் தொடங்கித் தெற்கே சிதறிக் கிடக்கும் சில மேடுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இந்த விலங்கு கிடையாது. இதை இமயமலை 'தார்' ஆட்டின் தம்பி என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2005இல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது அது செம்மறி இனத்துக்குத்தான் நெருக்கம் என்று தெரிந்து, அதற்கென்றே தனிப் பேரினம் பிரித்தார்கள். நம் சங்கப் பாடல்களில் 'வருடை' என்று வருவது இதுவே. 'வரை' என்றால் மலை; வரையாடு, மலையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுதான்.

ஆகவே பிப்ரவரியில் பூட்டியிருந்ததற்காகக் கோபப்படாதீர்கள், மாதேஷ். அந்த 841ஐ அடுத்த வருடமும் 841ஆகவாவது வைத்திருக்கிற வேலை அந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கிறது.

இனி எப்போது போவது. ஏப்ரல் முதல் இரண்டு வாரத்தைத்தான் நான் சொல்வேன். கேட் திறந்த கையோடு போனால் குட்டிகளுக்கு இரண்டு, இரண்டரை மாதம் ஆகியிருக்கும். தாயின் பின்னால் ஓடவும், பாறையில் தாவி விளையாடவும் தொடங்கியிருக்கும். பிள்ளைகளுக்குத் தேர்வு முடியவில்லை என்றால் மே மாதமும் சரிதான். ஆனால் சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாய், புதனாகப் பாருங்கள். செப்டம்பர் கடைசியிலும் காலை வேளைகள் தெளிவாக இருக்கும். ஐப்பசி பிறந்தால் மதியத்துக்கு மேல் மழை. கிடாய்களின் முழு அழகையும் பார்க்க ஜூலை, ஆகஸ்ட்தான் காலம். ஆனால் அது அடைமழைக் காலம், குடும்பத்தோடு போக நான் சொல்லமாட்டேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு, பூங்காவில் பயணிகள் போகும் பகுதியான ராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர் போனது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த நம் தமிழ்க் குடும்பங்கள். மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் அந்தப் பக்கம் பயணம் வேண்டவே வேண்டாம்.

மாதத்தைவிட முக்கியம் மணி. நீங்கள் மே மாதம் ஏமாந்தது மாதத்தால் இல்லை, பதினொன்றரையால். காலையில் வெயில் ஏற ஏற, கீழே தேயிலைச் சரிவுகள் சூடாகி, ஈரக்காற்று மலையைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் அது குளிர்ந்து மூட்டமாகிவிடும். பல நாள் பத்து, பத்தரைக்கே எதிர்ச்சரிவு மறைந்துவிடும். அதே நேரத்தில் வரையாடும் மேய்ச்சலை முடித்துக்கொண்டு பாறை விளிம்புக்குப் போய்ப் படுத்து அசைபோடத் தொடங்கும். இரண்டும் சேர்ந்தால் நீங்கள் பார்த்த காட்சிதான்: வெள்ளை மூட்டம், இரண்டு முதுகு. முன்பதிவு செய்யும்போது காலையின் முதல் நேரத்தை எடுங்கள். அது கிடைக்கவில்லை என்றால் நாளை மாற்றுங்கள், நேரத்தை மாற்றாதீர்கள்.

முதல் பேருந்துக்கு நிற்க வேண்டுமென்றால் முந்தின நாளே பக்கத்தில் தங்கியாக வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம், சங்ககிரி, பெருந்துறை, காங்கேயம், தாராபுரம், உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக மூணாறு ஏறக்குறைய 330 கிலோமீட்டர். பாலக்கோட்டில் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நிறுத்தி, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு மறையூரைப் பிடிக்கலாம். உடுமலையைத் தாண்டியதும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், அதைத் தொட்டுச் சின்னாறு சரணாலயம். இருட்டுவதற்கு வெகு முன்பே இந்தக் காட்டுச் சாலையைக் கடந்துவிடும்படி கணக்கு வையுங்கள். டீசலை உடுமலையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சாலையில் யானை நின்றால் என்ன செய்வது என்று தளி, தேன்கனிக்கோட்டையில் ராகி அறுவடைக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தூரத்திலேயே நிறுத்துவது, ஆரன் அடிக்காமல் இருப்பது, யாரும் இறங்காமல் இருப்பது.

பலரும் தவறவிடுகிற ஒரு விஷயம்: உடுமலை வழியாக வந்தால் இரவிகுளத்தின் நுழைவாயில் மூணாறு டவுனுக்கு முன்னாலேயே வந்துவிடும். மூணாற்றில் அறை எடுத்துவிட்டு மறுநாள் அதே சாலையில் நெரிசலோடு நெரிசலாகத் திரும்பி வருகிறார்கள். மறையூரில் தங்கினால் காலையில் எதிர்த்திசையிலிருந்து, காலியான சாலையில் வரலாம். ஆறேகாலுக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் கேட். மறையூரின் குளிரும் மிதமானது, அப்பாவுக்கு நல்லது. அங்கே கரும்பு காய்ச்சும் ஆலைகளில் உருண்டை வெல்லம் சூடாகக் கிடைக்கும். புவிசார் குறியீடு பெற்ற வெல்லம் அது. பாலக்கோட்டுக்காரருக்குக் கரும்பு புதிதில்லை, ஆனாலும் வாங்கிப் பாருங்கள்.

கேட்டைத் தாண்டிச் சொந்த வண்டி போகாது. வனத்துறைப் பேருந்தில்தான் மேலே ராஜமலைக்கு ஏற வேண்டும். அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்குத் தார்ப்பாதை, மெல்லிய ஏற்றம். பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருப்பது அவ்வளவுதான். எதிரே நிற்கும் ஆனைமுடி 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரம். அதில் ஏற அனுமதி இல்லை.

ரோட்டை விட்டு ஏன் இறங்கக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். காலுக்குக் கீழே பாருங்கள். அந்தப் புல் நம் மானாவாரிக் காட்டுப் புல் மாதிரி தெரியும், ஆனால் அதன் அடியில் இருப்பது ஊறிய பஞ்சு போன்ற கறுப்பு மண். நூறு பேர் ஒரே தடத்தில் நடந்தால் புல் சாகும், அடுத்த மழையில் தடம் வாய்க்காலாகும், அதற்கடுத்த மழையில் சரிவு அறுத்துக்கொண்டு இறங்கும். மடிப்புகளில் கறுத்த பச்சையாகத் தெரிவது சோலை. குட்டையான மரங்கள், கிளையெல்லாம் பாசி. இந்தப் புல்வெளியும் சோலையும் பிடித்து வைத்த தண்ணீரைத்தான் கோடையிலும் ஓடைகள் கொண்டு வருகின்றன. கிழக்கே இறங்குவது பாம்பாறாகி, அமராவதியில் சேர்ந்து, கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிறது. ஒகேனக்கல்லில் விழுந்து போகும் தண்ணீர் அங்கே இந்தத் தண்ணீரைச் சந்திக்கிறது. ஆனைமுடியை ஒட்டிய அந்த மேட்டில் மட்டுமே வாழும் ஒரு செந்நிறக் குட்டித் தவளையும் இருக்கிறது. 2010இல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். புல் கட்டைகளுக்குள் ஒளிந்திருக்கும் அது செருப்புக் காலுக்குத் தெரியாது.

தார்ப்பாதையிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம், பார்க்கும் முறை தெரிந்தால். புல்வெளியைத் துழாவாதீர்கள், பாறையும் புல்லும் சேரும் விளிம்பைப் பாருங்கள். பெட்டைகளின் நிறம் சாம்பல் கலந்த பழுப்பு, பாறையோடு பாறையாக இருக்கும். காது அசைவதை வைத்துத்தான் முதலாவது கண்ணில் படும். ஒன்று தெரிந்துவிட்டால் அசையாமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள், சுற்றி எட்டு, பத்து தெரியும். கூட்டமாக இருப்பவை பெட்டைகளும் குட்டிகளும். நன்கு முதிர்ந்த கிடாய் வேறு மாதிரி: உடம்பு கருத்து, முதுகின் நடுவில் வெள்ளிச் சாம்பலாக ஒரு திட்டு, குதிரைக்குச் சேணம் போட்டது போல. அவை மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் பெட்டைகளை விட்டு விலகித் திரியும், ஏப்ரலில் பார்ப்பது அதிர்ஷ்டம்தான்.

சில நேரம் அவை ரோட்டோரக் கட்டைச் சுவர் வரை வந்து நிற்கும். அப்போது கொம்பைக் கவனியுங்கள். பின்னோக்கி வளைந்து, குறுக்கே வரி வரியாக மடிப்பு. குளம்பை அதைவிடக் கவனியுங்கள். ஓரம் கடினம், நடுவே ரப்பர் போல மெத்தென்ற தசை. ஓரம் பாறை இடுக்கில் கவ்வும், நடுப்பகுதி வழுக்காமல் ஒட்டும். ஒரு சாண் அகலம்கூட இல்லாத விளிம்பில் அது நின்று திரும்புவதன் சூட்சுமம் அதில் இருக்கிறது.

மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கிக் காதை முன்னே விறைத்தால் நீங்கள் போதுமான அளவு நெருங்கிவிட்டீர்கள். முன்னங்காலைத் தட்டினாலோ சீழ்க்கை போல ஓர் ஒலி கொடுத்தாலோ அளவு மீறிவிட்டது, இரண்டடி பின்வாங்குங்கள். பல தலைமுறையாக வேட்டை இல்லாததால்தான் அந்த ஆடுகள் மனிதரை நம்பி நிற்கின்றன. அந்த நம்பிக்கையைப் பிடித்து இழுத்துப் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொம்பைப் பிடித்தவர்கள் கைதாகியும் இருக்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து வைத்திருக்கிற விலங்கு இது.

பிஸ்கட் கொடுக்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குக் காரணத்தோடு சொல்லுங்கள். நம் ஊரில் ஆடு அவிழ்ந்து போய் அரிசி மூட்டையில் வாயை வைத்துவிட்டால் என்ன ஆகிறது? வயிறு புளித்து உப்பி, கவனிக்காவிட்டால் மறுநாளே செத்துப்போகும். புல்லுக்கென்று அமைந்த நான்கறை வயிற்றுக்கு மாவும் சர்க்கரையும் அதைத்தான் செய்யும். நம் ஆட்டுக்காவது கால்நடை மருந்தகம் இருக்கிறது.

கையோடு கொண்டு போக வேண்டியவை குறைவு. ஆளுக்கொரு ஸ்வெட்டர், காதை மூடும் துண்டோ மங்கிக் குல்லாவோ. காலை எட்டு மணிக்கு அங்கே அடிக்கும் காற்றை நம் ஊர் அரைக்கைச் சட்டை தாங்காது. மடக்குக் குடையைவிட மழைக்கோட்டு மேல், குடை காற்றில் திரும்பிவிடும். தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில். பிளாஸ்டிக் உள்ளே விடமாட்டார்கள். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், கை நடுக்கமும் தெரியாது. பன்னிரண்டு, இருபது மடங்கு என்று விற்பவை கையில் பிடித்துப் பார்க்க உதவாது. இரவெல்லாம் அறைச் சூட்டில் இருந்த கேமராவைக் குளிரில் எடுப்பதில் பிரச்சினை இல்லை. திரும்பக் கதகதப்பான வண்டிக்குள் வரும்போதுதான் கண்ணாடியில் நீர் படியும். பைக்குள்ளேயே வைத்து மெதுவாக வெதுவெதுப்பாக விடுங்கள்.

அப்பாவைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். முழுப் பாதையும் நடக்க வேண்டியதில்லை. பேருந்து இறக்கிவிடும் இடத்தை ஒட்டியே ஆடுகள் வருவதுண்டு. அவரை அங்கே ஓரமாக உட்காரவைத்து, பைனாகுலரை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் நடந்து வாருங்கள். கூட்டத்தோடு நடப்பவர்களைவிட உட்கார்ந்திருப்பவருக்கே அதிகம் தெரியும். முட்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கெடுதி, ஒரு கைத்தடி வைத்துக்கொள்ளட்டும். வேன் டிரைவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். திரும்பும்போது மறையூர் வழி இறக்கம் முழுக்க இரண்டாம் கியரிலேயே விட வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பாதி வழியில் கருகிய வாடை வரும். வந்தால் அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிட வேண்டும், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பிப்ரவரி, மார்ச்சில்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் தமிழ்நாட்டுப் பக்கமே ஒரு வழி இருக்கிறது. பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலை, நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவை ஒட்டிய பாறைகளில் வரையாடு அடிக்கடி தென்படும். காட்சிமுனையில் மட்டும் நிறுத்துங்கள். அங்கேயும் அது குட்டிக் காலம்தான் என்பதை மறக்க வேண்டாம். நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்கா வரையாட்டுக்காகவே உள்ள இடம், 78 சதுர கிலோமீட்டர். ஆனால் இரவிகுளம் போலச் சுற்றுலாவுக்குத் திறந்துவிட்ட இடமில்லை அது.

நம் பக்கம் வரையாடு கிடையாது. தேசியப் பூங்காவும் கிடையாது. ஆனால் இரண்டு சரணாலயங்கள் இருக்கின்றன: 2014இல் அறிவித்த காவிரி வடக்கு, 504 சதுர கிலோமீட்டர், 2022இல் அறிவித்த காவிரி தெற்கு, 686 சதுர கிலோமீட்டர். இரவிகுளத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் காடு, நம் இரண்டு மாவட்டத்துக்குள். அவற்றுக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. ஆனால் ஒகேனக்கல் ஆற்றங்கரைக்கு யாரும் போகலாமே. மறையூர்ச் சாலையின் சின்னாறு சரணாலயத்தில் வண்டியை நிறுத்திச் சாம்பல் நிற மலை அணிலைத் தேடுகிறார்கள் பயணிகள். அதே அணில் நம் காவிரிக் கரை நீர்மருது மரங்களில் இருக்கிறது. விடியற்காலை, பரிசல் கூச்சல் தொடங்குவதற்கு முன் போங்கள். மரத்தடியில் நின்று மேலே அண்ணாந்து பாருங்கள். இரண்டு மரத்துக் கிளைகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் குச்சியும் இலையுமாகப் பந்து போல ஒரு கூடு தெரியும். உடம்பளவு நீண்ட சாம்பல் வால் அதன் பக்கத்தில் தொங்கினால், அது வீட்டில்தான் இருக்கிறது.

அன்புடன்.